அவள் சொன்ன காரணங்கள்

ஏன் என்று கேட்டு முடிப்பதற்குள் அவளிடமிருந்து பதில் வந்துவிடும். கேட்டவர் அதற்கு மேல் ஒரு வார்த்தை பேச முடியாதபடியான பதில்.

ஸ்ரீரங்கத்தில் அம்மாமண்டபம் சாலையில் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை நிலையத்தில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். நான் உள்ளே மெஷின் பக்கம். அவள் ரத்தம் எடுக்கிறவள். முசிறியில் பிறந்தவள், திருவானைக்காவலில் வாழ்க்கைப்பட்டவள். என்னைவிட இருபது வயதாவது சின்னவள். உயரம் குறைவு, ஸ்டூலில் உட்கார்ந்தால் கால் தரையில் எட்டாது. ஆனால் அவள் ஊசிக்கு எட்டாத நரம்பு கிடையாது.

சித்திரை வீதியிலிருந்து ஒரு பெரியவர் மாதாமாதம் சர்க்கரை பார்க்க வருவார். ஒரு தடவை பெயரைக் கொடுத்துவிட்டு, கூப்பிட்டதும் தயங்கினார்.

"இன்னிக்கு ஏகாதசின்னு மறந்தே போச்சு குழந்தே. உடம்புல ஊசி குத்திக்கணுமா? துவாதசி ஆகட்டுமே."

அவள் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துக்கொண்டே சொன்னாள்: "ஏகாதசின்னா நீங்க எப்படியும் ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டீங்க மாமா. ஃபாஸ்டிங் பார்க்க இதைவிட நல்ல நாள் கிடைக்குமா? நாளைக்குப் பாரணை முடிஞ்சிட்டா சர்க்கரை எங்கேயோ ஏறிப்போயிடும்."

அவர் சிரித்துக்கொண்டே கையை நீட்டிவிட்டார். அடுத்த மாதத்திலிருந்து ஏகாதசி பார்த்தே வர ஆரம்பித்தார்.

எனக்கு அவளைப் பிடித்துப்போனது இந்தச் சாமர்த்தியத்தால்தான். நான் வாயில்லாதவள். கணவர் போய் ஏழு வருடம், மகள் கோயம்புத்தூரில். யாராவது எதிரில் நின்று ஒன்று கேட்டால் வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்குப் பதில் தோன்றும். அவள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பதே எனக்குத் தெம்பாக இருக்கும்.

சித்திரை வெயிலிலும் அவள் வெள்ளைக் கோட்டின் கையை மணிக்கட்டு வரை இறக்கிவிட்டிருப்பாள். "ஏ.சி. காத்து பட்டா தோல் அரிக்குதுக்கா" என்பாள். ஒரு நாள் கை கழுவக் கோட்டைச் சுருட்டியபோது, முழங்கைக்கு மேலே நீலமாக நாலு தடம் தெரிந்தது. நான் பார்த்ததை அவள் பார்த்துவிட்டாள்.

"புதுக் கம்பெனி ஊசி வந்திருக்குல்ல, பேஷண்டைக் குத்துறதுக்கு முன்னாடி என் மேலயே குத்திப் பார்த்தேன்க்கா. நரம்பு தவறிடுச்சு."

ஊசி தவறினால் ரத்தம் எங்கே கட்டும், எப்படிக் கட்டும் என்பது எனக்குத் தெரியும். முப்பது வருடமாகப் பார்க்கிறேன். மேல்கையின் வெளிப்பக்கம் நாலு விரல் அகலத்துக்கு அது கட்டாது. தெரிந்தும், "என்ன சிரத்தைம்மா உனக்கு" என்றேன். மேனேஜரிடமும் போய்ச் சொன்னேன். அவர் எல்லோர் முன்னாலும் அவளைப் பாராட்டினார். அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

அவளுடைய கணவரை எங்கள் எல்லோருக்கும் பிடிக்கும். கார் விற்கும் கம்பெனியில் வேலை. தினமும் காலையில் பைக்கில் கொண்டுவந்து விடுவார், சாயங்காலம் ஆறு மணிக்கு வாசலில் நிற்பார். கையில் அவளுக்கென்று ஒரு ஹெல்மெட் இருக்கும். "அக்கா, நல்லா இருக்கீங்களா?" என்று கேட்காமல் போகமாட்டார். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. இப்படி ஒரு மாப்பிள்ளை என் மகளுக்கு வாய்த்திருக்கக் கூடாதா என்றுகூட நினைத்திருக்கிறேன்.

வீடுகளுக்குப் போய் ரத்தம் எடுத்துவந்த பையன் வேலையை விட்டு நின்றதும் அந்த வேலை அவளுக்கு வந்தது. காலை ஆறிலிருந்து எட்டரை வரை. அவள் கணவர் விடியற்காலையில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார். வீடு வீடாக நடந்தே போய்விட்டு வருவாள். ஒரு மாதம் கழித்து என்னிடம் சொன்னாள்.

"ஒரு சைக்கிள் இருந்தா நல்லதுக்கா. எடுத்த ரத்தம் வெயில்ல பையிலயே கிடந்தா சர்க்கரை அளவு குறைச்சுக் காட்டுமே. ரிப்போர்ட் தப்பாப் போனா யாரு பதில் சொல்றது?"

"லேடீஸ் சைக்கிள் ஒண்ணு வாங்கிக்கோயேன்."

"பாதாளச் சாக்கடைக்குத் தெருவெல்லாம் தோண்டிப் போட்டிருக்காங்க. அந்த ஒல்லி டயர் பள்ளத்துல இறங்கினா ட்யூப் வெடிச்சுடும்க்கா. தடி டயர் போடுற மலைச் சைக்கிள்தான் சரி."

அப்படியானால் புதிதாக ஒன்று வாங்கலாமே என்றேன். அதற்கும் பதில் இருந்தது. நம் கைக்கு எட்டும் விலையில் வருகிற புது சைக்கிளில் இருபத்தோரு கியர், முன்னால் ஸ்பிரிங் எல்லாம் இருக்கும். காசு முழுக்க அதிலேயே போய்விடும். பிரேம் தகரம் மாதிரி இருக்கும். ஆறு மாதத்தில் கியர் சிக்கும், ஸ்பிரிங் லொடலொடக்கும். நல்ல பிரேம் ஒன்று பழசில் பிடித்துவிட்டால், கியர் எதுவும் இல்லாமல் ஒரே பல்சக்கரம் போட்டு ஓட்டலாம்.

"ஸ்ரீரங்கம் தட்டு மாதிரி கிடக்கு. மேடுன்னு சொன்னா ஆத்துப் பாலம்தான். இதுக்கு எதுக்குக்கா கியர்?"

ஒரு புதன்கிழமை மத்தியானம், லேபில் வேலை ஓய்ந்திருக்கும் நேரத்தில், காந்தி மார்க்கெட்டுக்குப் பின்னால் பழைய சைக்கிள் வாங்கி விற்கும் ஒரு கடைக்கு என்னைப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனாள். நான் எதற்கு என்று கேட்டேன். "நூல் பிடிக்க ஆள் வேணும்க்கா" என்றாள். அது என்ன நூல் என்று எனக்கு அங்கே போகும் வரை புரியவில்லை.

கடை முழுக்கப் பிரேம்கள் ஆணியில் தொங்கின. கடைக்காரர் மலைச் சைக்கிள் பிரேம்களாக மூன்றை இறக்கிப் போட்டார். முதலாவது சிவப்பு, புத்தம் புதிது போலப் பளபளத்தது. எனக்கு அதுதான் பிடித்தது. அவள் கைப்பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்து அதன் மேல் வைத்தாள். ஒட்டாமல் கீழே விழுந்தது.

"அலுமினியம். வேண்டாம்ங்க."

"எடை கம்மிம்மா. நீங்களே ஒத்தக் கையில தூக்கலாம்" என்றார் கடைக்காரர்.

"இதுக்கு எவ்வளவு வயசுன்னு தெரியாது. பழைய அலுமினியம் சொல்லிக்காம ஒரு நாள் உடைஞ்சிடும். இரும்புன்னா முதல்ல வளையும், முனகும். நமக்குத் தெரிஞ்சிடும். உடைஞ்சாலும் எந்த வெல்டிங் கடையிலயும் ஒட்டிக்கலாம்."

இரண்டாவது கறுப்பு. காந்தம் ஒட்டியது, அவளுடைய உயரத்துக்கும் சரியாக இருந்தது. மூன்றிலும் அதுதான் விலை குறைவு. வாங்கிவிடுவாள் என்று நினைத்தேன். அவள் குந்தி உட்கார்ந்து, ஹேண்டில்பார் மாட்டுகிற இடத்துக்குக் கீழே விரலை ஓட்டினாள். அங்கே ஒரு ஸ்டிக்கர் இருந்தது. நகத்தால் அதைக் கிளப்பினாள். அடியில் முடி கனத்துக்கு ஒரு கோடு.

"அது பெயிண்ட் கீறல்மா" என்றார் கடைக்காரர்.

அவள் ஸ்பிரிட் பஞ்சு ஒன்றைப் பிரித்து அந்தக் கோட்டைத் துடைத்தாள். பஞ்சில் துருப்பொடி பழுப்பாக ஒட்டியது. மறுபடி துடைத்தாள், மறுபடியும் வந்தது.

"பெயிண்ட் கீறல்னா ஒரு தடவையில சுத்தமாயிடும்ங்க. இது உள்ளேருந்து வருது."

அவர் கறுப்பை எடுத்து ஓரமாக வைத்தார்.

மூன்றாவது பச்சை என்று சொல்ல வேண்டும். பாதிப் பெயிண்ட் உதிர்ந்து சொறி பிடித்த மாதிரி இருந்தது. அவள் அதன் பின்பக்கத்தைத் திருப்பி, சக்கரத்தின் அச்சு நுழையும் வெட்டை, காடியைக் காட்டினாள். "பாருங்கக்கா, இது படுத்த வாக்குல இருக்கு. சக்கரத்தைப் பின்னால தள்ளிச் செயினை இறுக்கிக்கலாம். கியர் இல்லாத சைக்கிளுக்கு இதுதான் முக்கியம். நேரா கீழ பார்த்து வெட்டியிருந்தா செயின் தொய்ஞ்சுகிட்டே இருக்கும்." பிறகு பூ கட்டும் நூலை எடுத்தாள். ஒரு முனையை என்னிடம் கொடுத்துப் பின் காடியில் பிடிக்கச் சொன்னாள். நூலை முன்னால் கொண்டுபோய், ஹேண்டில்பார் இறங்கும் தலைக்குழாயைச் சுற்றி, அந்தப் பக்கத்துக் காடிக்குக் கொண்டுவந்தாள். சீட்டுக்குக் கீழே உள்ள நடுக்குழாய்க்கும் நூலுக்கும் இருக்கும் இடைவெளியை இரண்டு பக்கமும் ஸ்கேல் வைத்துப் பார்த்தாள். சமமாக இருந்தது. பிரேம் எங்கேயும் கோணவில்லை என்று அர்த்தம். கடைசியாக, சீட்டுக் கம்பி இறங்கும் ஓட்டைக்குள் செல்போன் வெளிச்சத்தை அடித்து எட்டிப் பார்த்தாள்.

"துரு மேலாப்லதான் இருக்கு. இதையே எடுத்துக்கலாம்."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். "இவங்க எந்த ஒர்க்‌ஷாப்ல வேலை பார்க்குறாங்க?"

"ரத்தம் எடுக்கிறா" என்றேன்.

இதையெல்லாம் எங்கே கற்றாய் என்று பஸ்ஸில் கேட்டேன். போனில் வீடியோ பார்த்தாளாம். ஆறு மாதமாகப் பார்க்கிறாளாம். வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்கும் வேலை வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அந்தக் கணக்கு எனக்கு அப்போது தோன்றவில்லை.

அந்தக் கடையிலேயே சக்கரமும் டயரும் மாட்டி வாங்கினோம். அவள் வீடு மாடியில் இருந்தது. படி குறுகல், தினமும் தூக்கி ஏற்ற முடியாது, கீழே விட்டால் வீட்டுக்கார அம்மா சத்தம் போடுவார் என்றாள். லேபுக்கு அடுத்த தெருவில் இருந்த என் வீட்டு மாடிப்படிக்கு அடியில் இடம் சும்மா கிடந்தது. சைக்கிள் அங்கேயே நின்றது. காலையில் வந்து எடுத்துக்கொண்டு போவாள், எட்டரைக்குக் கொண்டுவந்து விடுவாள்.

அடுத்த நாலு மாதம் அவள் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. மத்தியானச் சாப்பாட்டை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். சில நாள் டயரில் ஈர மணல் ஒட்டியிருக்கும். "கொள்ளிடக் கரைப் பக்கம் ஒரு பேஷண்ட்க்கா" என்பாள். வீட்டுக்குப் போய் எடுக்கும் பட்டியலை எழுதி வைப்பதே நான்தான். கொள்ளிடக் கரையில் எங்களுக்கு ஒரு பேஷண்ட்கூட இல்லை.

ஒரு நாள், தெரிந்தவர் வீட்டுக் காரியத்துக்காக விடிகாலையில் கொள்ளிடக் கரைக்குப் போயிருந்தேன். தூரத்தில் கரைப் பாதையில் அவள் வந்துகொண்டிருந்தாள். சீட்டில் உட்காரவில்லை, பெடல் மேல் எழுந்து நின்று மிதித்தாள். கோட்டை மடித்து இடுப்பில் கட்டியிருந்தாள். காற்றில் இரண்டு கையும் தோள்வரை வெறுமையாக இருந்தன. என்னைக் கடந்து மேற்கே போய்விட்டாள். நான் கூப்பிடவில்லை. காரணம் சொல்ல வேண்டிய அவசியம் இல்லாமல் அவள் இருந்ததை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

ஒரு சனிக்கிழமை, தோண்டிப் போட்ட தெருவில் இறங்கி ஏறியதில் பின் சக்கரத்தில் இரண்டு ஸ்போக் உடைந்து ரிம் ஆட ஆரம்பித்தது. மத்தியானம் நாங்கள் இருவரும் சக்கரத்தை மட்டும் கழற்றி எங்கள் தெருமுனைக் கடையில் பெண்டு எடுக்கக் கொடுத்தோம். வியாழக்கிழமை தருவதாகக் கடைக்காரர் சொன்னார். சைக்கிளை என் வீட்டு மாடிப்படிக்கு அடியில் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தோம்.

அன்று சாயங்காலம் அவள் கணவர் வாசலில் நின்றார். அவள் உள்ளே கை கழுவிக்கொண்டிருந்தாள். வழக்கம்போல் நலம் விசாரித்தார். எனக்கு அவள் மேல் அத்தனை பெருமை.

"உங்க வீட்டம்மா கெட்டிக்காரி தம்பி. சைக்கிளுக்குப் பிரேம் எடுத்த லட்சணத்தைப் பார்க்கணுமே, அந்தக் கடைக்காரரே அசந்துட்டாரு. நடந்து போன வேலையை இப்ப ஒரு மணி நேரம் முன்னாடியே முடிச்சிடுறா."

அவர் சிரித்தார். "அப்படியாக்கா? என்கிட்ட சொல்லவே இல்லையே."

அந்தச் சிரிப்பில் எந்த மாற்றமும் இல்லை. அவள் வந்ததும் ஹெல்மெட்டை நீட்டினார். அவள் மாட்டிக்கொண்டு ஏறினாள். போய்விட்டார்கள். வீட்டில் இடமில்லை என்று அவள் சொன்ன காரணம் அவ்வளவு ஒழுங்காக இருந்ததால், சைக்கிள் ஒரு ரகசியம் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை.

திங்களும் செவ்வாயும் அவள் வரவில்லை. புதன்கிழமை வந்தாள். வலது கை விரல் கணுவிலிருந்து முழங்கை வரை மாவுக்கட்டு. எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள்.

"ஞாயித்துக்கிழமை காலையில சைக்கிள்லேருந்து விழுந்துட்டேன்" என்றாள்.

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். கேட்ட மேனேஜரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். மற்றவர்கள் அச்சச்சோ என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தடி டயர் சைக்கிள் பெண்களுக்குச் சரிப்படாது என்று தான் அப்போதே நினைத்ததாக மேனேஜர் சொன்னார். சைக்கிள் பின் சக்கரம் இல்லாமல் என் வீட்டில் கவிழ்ந்து கிடந்தது. அது அந்த அறையில் எனக்கும் அவளுக்கும் மட்டும்தான் தெரியும்.

சனிக்கிழமை சாயங்காலம் அவரிடம் நான் சொன்னது ஒவ்வொரு வார்த்தையாக எனக்கு நினைவு வந்தது. வாயைத் திறந்தால் அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

"பார்த்து ஓட்டக் கூடாதாம்மா?" என்றேன்.

அவள் மாவுக்கட்டை இடது கையால் ஏந்திக்கொண்டாள். பிறகு, "ஆமாக்கா, பார்த்திருக்கணும்" என்று சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போனாள்.

ஆறு வாரம் இடது கையால் பெயர் எழுதும் வேலை பார்த்தாள். அந்த வியாழக்கிழமையே நான் சக்கரத்தை வாங்கி வந்து மாட்டச் செய்து வைத்திருந்தேன். அதை அவளிடம் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. கட்டுப் பிரித்த பிறகு மணிக்கட்டு திரும்பவில்லை. ஊசியை உரிய சாய்வில் பிடிக்க வரவில்லை. இரண்டு பேஷண்ட் கத்திய பிறகு அவளே ஊசியைக் கீழே வைத்துவிட்டாள். அன்று மத்தியானம் சாப்பிடும்போது நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம்.

"அன்னைக்கு அந்தச் சைக்கிள்ல பின் சக்கரமே இல்லையேம்மா" என்றேன்.

அவள் டப்பாவை மூடினாள். "உங்களுக்கு அது தெரியும்னுதான்க்கா உங்க முன்னாடி நின்னு அப்படிச் சொன்னேன். ஆஸ்பத்திரியில அவர் சொன்ன காரணம் அது. நான் அதையே சொன்னா, பொய்னு தெரிஞ்ச ஆள் இந்த ஊர்ல நீங்க ஒருத்தர்தான்."

"இப்பச் சொல்லு. நான் என்ன செய்யணும்?"

"இப்ப ஒண்ணும் இல்லக்கா."

அதற்கு அவள் காரணம் எதுவும் சொல்லவில்லை.

பத்து நாள் கழித்து அவள் கணவர் தனியாக வந்து மேனேஜரிடம் ஒரு கடிதம் கொடுத்தார். ஓசூருக்கு மாற்றலாம், அவள் வேலையை விடுகிறாளாம். போகும்போது என்னிடமும் சொல்லிக்கொண்டார். நான் அவள் நம்பருக்கு அடித்தேன், உபயோகத்தில் இல்லை என்றது. திருவானைக்காவல் வீட்டுக்குப் போனேன். மாடி பூட்டியிருந்தது. வீட்டுக்கார அம்மா கீழே அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

"தங்கமான மனுஷங்க. அவரு அதிர்ந்து பேசமாட்டாரு. அந்தப் பொண்ணுதான் பாவம், கவனம் பத்தாது. எங்கயாவது விழுந்துகிட்டே இருக்கும்" என்றார்.

அடுத்த வாரம் முசிறிக்குப் பஸ் ஏறினேன். அவளுடைய அண்ணன் அங்கே வாழை மண்டி வைத்திருப்பதாக ஒரு தடவை சொல்லியிருந்தாள். இரண்டு மண்டியில் விசாரித்ததும் ஆள் கிடைத்துவிட்டார். தார்களுக்கு நடுவில் எனக்கு ஒரு நாற்காலி போட்டார். நீலத் தடங்களிலிருந்து சக்கரம் வரை எல்லாவற்றையும் சொன்னேன். வாசலில் நின்று அவள் கணவரிடம் பேசியதை மட்டும் சொல்லவில்லை. அண்ணன் ஒரு வாழைச் சருகைக் கிழித்துக்கொண்டே கேட்டார்.

"எங்ககிட்டயும் ஒவ்வொண்ணுக்கும் ஒரு காரணம் சொல்லும்ங்க. எல்லாம் சரியாத்தான் இருக்கும்" என்றார்.

அவரிடம் புது நம்பர் இருந்தது. மத்தியானம் மணி இரண்டு. ஸ்பீக்கரில் போட்டார். அவள் எடுத்தாள். வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருக்கிறார், தனியாகத்தான் இருக்கிறேன் என்றாள்.

"கை எப்படிம்மா இருக்கு?"

"பரவாயில்லண்ணா. சைக்கிள்ல விழுந்ததுதானே, நாளாகும்னு டாக்டர் சொன்னாரு."

நான் போன் பக்கம் குனிந்தேன். "அந்தச் சைக்கிள்ல சக்கரமே இல்லம்மா. நான் உங்க அண்ணன்கிட்ட சொல்லிட்டேன்."

அந்தப் பக்கம் பக்கத்து வீட்டில் யாரோ மிக்ஸி ஓட்டும் சத்தம் கேட்டது. அது நின்றது.

"ஆமாண்ணா" என்றாள். "விழல."

அண்ணன் கையிலிருந்த வாழைச் சருகைக் கீழே போட்டார். "நீ கதவைப் பூட்டிட்டுப் பக்கத்து வீட்ல போய் உக்காரு. நான் வரேன்."

அப்போதே கிளம்பினார். மறுநாள் ஒரு பையோடு அவளை முசிறிக்குக் கூட்டி வந்துவிட்டார்.

வழக்கு நடக்கிறது. இரண்டு வருடமாக வாய்தா போய்க்கொண்டிருக்கிறது. நான் சாட்சி. சக்கரத்தை எந்தக் கிழமை கழற்றினோம், எந்தக் கிழமை வாங்கினேன் என்பதைச் சொல்ல வேண்டும். தெருமுனைக் கடைக்காரரும் வந்து சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். அவள் மணிக்கட்டு இன்னும் பாதிதான் திரும்புகிறது. மண்டியில் போன் எடுத்துப் பேசுகிறாளாம். ஸ்ரீரங்கம் பக்கம் வருவதில்லை.

போன வாய்தாவில் கோர்ட்டு வராந்தாவில் அவளும் நானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். எதிரே அவள் கணவர் வக்கீலோடு நின்றார். என்னைப் பார்த்து, "அக்கா, நல்லா இருக்கீங்களா?" என்றார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் நகர்ந்த பிறகுதான் எனக்குத் துணிவு வந்தது.

"சைக்கிள் விஷயத்தை அவர்கிட்டச் சொன்னது நான்தான்மா. பெருமையாச் சொன்னேன். அவருக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியாது. அன்னைக்கு எல்லார் முன்னாடியும் நான் வாயைத் திறக்காததும் அதனாலதான். பயம்."

அவள் தன் வலது கையை இடது கையால் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் காத்திருந்தேன். சித்திரை வீதிப் பெரியவருக்கு ஒரு காரணம் கொடுத்தவள், நாலு வருடம் கணவருக்காக எங்கள் எல்லோரிடமும் காரணம் சொன்னவள். எனக்கும் ஒன்று சொல்லியிருக்கலாம். உங்களுக்கு எப்படிக்கா தெரிஞ்சிருக்கும் என்று ஒரு வார்த்தை போதும்.

அவள் சொல்லவில்லை. வழக்கு எண்ணைக் கூப்பிட்டதும் எழுந்து, அண்ணனோடு உள்ளே போனாள்.